மலையில் எழுதும் அறிவிப்பு கைப்பேசிக்கு எப்படி வந்து சேர்கிறது? நிலையான அகப்பக்கமும் தானியங்கி வெளியீடும்

பிரிஞ்சாங்கிலிருந்து கீழே இறங்க வழிகள் அதிகம் இல்லை. ஒன்று தானா ராத்தா, ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு. இன்னொன்று கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கோ குவா மூசாங்குக்கோ. ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் பக்கமும் ஒரு சாலை பிரிகிறது. மழைக்காலத்தில் இவற்றில் ஒன்றில் மண் சரிந்தாலே போதும். காய்கறி லாரி ஓட்டுபவர், தோட்டத்துப் பள்ளிக்கு மேலே வரும் ஆசிரியர், தீபாவளிக்கு ஊர் திரும்பும் குடும்பம் என்று எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ரோடு திறந்திருக்கா?"

பதில் தெரிந்தவர் மலையிலேயே இருக்கிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துச் செயலாளராக இருக்கலாம், கோயில் நிர்வாகக் குழுவில் ஒருவராக இருக்கலாம், தேயிலைத் தோட்டத்து இளைஞர் மன்றத்துக்காரராக இருக்கலாம். ஆனால், சங்கத்தின் அகப்பக்கத்தில் அதை ஏற்றத் தெரிந்தவர் பெரும்பாலும் கோலாலம்பூரில் வேலை பார்ப்பவர். அதிகாலை ஐந்தரைக்கு எழுப்பினால் எடுக்க மாட்டார். அதனால் செய்தி புலனக் குழுவில் போகிறது. அங்கே வேறொரு சிக்கல். நேற்றைய "சாலை மூடல்" செய்தி, தேதி இல்லாமல், இன்று மதியமும் கை மாறிக்கொண்டே இருக்கும்.

கேமரன் மலையில் இது சின்ன விஷயம் இல்லை. 2013 அக்டோபர் 23 அதிகாலை, ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்ட பிறகு பெர்தாம் வேலியில் ஏற்பட்ட வெள்ளம் உயிர்களைப் பறித்தது, வீடுகளையும் வாகனங்களையும் அடித்துச் சென்றது. எச்சரிக்கை யாருக்கு, எப்போது, எந்த வழியில் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வி அதிலிருந்து இந்த மலையில் ஓயவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கைக்கு அதிகாரப்பூர்வ வழிகளும் 999 எண்ணும்தான். ஒரு சங்கத்தின் அகப்பக்கம் அதற்கு மாற்று ஆகாது. ஆனால், "இன்று பள்ளி உண்டா, எந்தச் சாலையில் போகலாம்" என்ற அளவிலான தகவலைச் சரியான நேரத்தில் சொல்லும் அகப்பக்கத்தைச் சிறிய குழுகூட நடத்த முடியும். மாதக் கட்டணம் இல்லாமலும் நடத்த முடியும். அதற்கான முறைதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

நிலையான அகப்பக்கம் என்றால் என்ன?

வேர்ட்பிரஸ் போன்ற வழக்கமான அமைப்பில், நீங்கள் பக்கத்தைத் திறக்கும்போதுதான் சர்வர் தரவுத்தளத்தைத் தேடி, பக்கத்தைத் தயாரித்து அனுப்புகிறது. ஆர்டர் வந்த பிறகு சமைக்கும் கடை மாதிரி. நிலையான அகப்பக்கம் அப்படியல்ல. காலையிலேயே இலையில் கட்டி அடுக்கி வைத்த நாசி லெமாக் மாதிரி. பக்கங்கள் முன்கூட்டியே கோப்புகளாகத் தயாராக இருக்கும். கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்தால் போதும். கூட்டம் கூடினாலும் அடுப்பங்கரை தடுமாறாது, ஏனென்றால் அந்த நேரத்தில் அங்கே சமையலே நடக்கவில்லை.

சாலை மூடப்பட்ட காலையில் ஒரு சின்ன அகப்பக்கத்துக்கு நடப்பது இதுதான்: ஆண்டு முழுவதும் பத்துப் பேர் பார்த்த பக்கத்தை, ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் திறப்பார்கள். அமெரிக்காவில் 2013-இல் மருத்துவக் காப்பீட்டுக்கான அரசு அகப்பக்கமான ஹெல்த்கேர் டாட் கவ் திறக்கப்பட்டபோது இந்த வேறுபாடு பெரிய அளவில் தெரிந்தது. அதன் தகவல் பக்கங்கள் ஜெகில் என்ற கருவியால் நிலையான பக்கங்களாகத் தயாரிக்கப்பட்டவை. அக்டோபர் 1-ஆம் தேதி பதிவு தொடங்கியதும் திணறிப் போனது கணக்குத் திறக்கும் பகுதிதான். இணைய வேகம் குறைந்த இடங்களுக்கும் இந்த முறை பொருந்தும். 2017-இல் இர்மா சூறாவளியின்போது சிஎன்என், என்பிஆர் ஆகிய ஊடகங்கள் எழுத்து மட்டும் கொண்ட இலகுவான பக்கங்களையும் மக்களுக்குக் கொடுத்தன.

ஜெகில் 2008-இல் வந்தது, ஹியூகோ 2013-இல். இரண்டுமே இலவசம். குறை ஒன்று உண்டு. பக்கத்தில் ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால்கூட, முழு அகப்பக்கத்தையும் மறுபடியும் தயாரித்து ஏற்ற வேண்டும். அதைச் செய்ய கணினி ஆள் தேவை. செயலாளருக்கு அது வராது, வரவும் தேவையில்லை.

நடுவில் என்ன வருகிறது?

இங்கேதான் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு, சுருக்கமாக சிஎம்எஸ், உள்ளே வருகிறது. எழுதுபவருக்கு அது ஒரு படிவம்தான். தலைப்பு, விவரம், படம், "வெளியிடு" பொத்தான். முன்பு நெட்லிஃபை சிஎம்எஸ் என்றும் 2023 முதல் டீகேப் சிஎம்எஸ் என்றும் அழைக்கப்படும் இலவச மென்பொருள், நீங்கள் எழுதியதை நேராகக் கிட்ஹப் போன்ற களஞ்சியத்தில் கோப்பாகச் சேமிக்கிறது. ஸ்ட்ராப்பி போன்றவை தனியாகத் தரவுத்தளம் வைத்துக்கொள்கின்றன. சிறு குழுவுக்கு முதல் வகையே போதும் என்பது என் கருத்து. பராமரிக்க இன்னொரு சர்வர் இல்லை, யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறும் தானாகவே பதிவாகிறது.

சிஎம்எஸ் என்றால் தனியாக ஒரு மென்பொருள்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இந்தியாவில் கொரோனா காலத்தில் தன்னார்வலர்கள் நடத்திய கோவிட்19இந்தியா அகப்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் தொடங்கி 2021 அக்டோபர் 31 வரை நடந்தது. மாநில அரசுகளின் அறிக்கைகளைப் பார்த்துத் தன்னார்வலர்கள் எண்களைக் கூகல் விரிதாளில் பதிந்தார்கள். அதைக் கிட்ஹப்பில் இருந்த தானியங்கி நிரல்கள் தரவுக் கோப்புகளாக மாற்றி வெளியிட்டன. எண் பதிந்தவர் நிரல் எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நாட்டின் முக்கிய ஊடகங்கள் அந்த எண்களைப் பயன்படுத்தின. நம் நாட்டிலும் சுகாதார அமைச்சு 2021 ஜூலையில் கோவிட் தரவுகளைக் கிட்ஹப்பில் கோப்புகளாக வெளியிடத் தொடங்கியது.

பொத்தானை அழுத்திய பிறகு

செயலாளர் "வெளியிடு" என்று அழுத்துகிறார். களஞ்சியத்தில் புதிய கோப்பு ஒன்று விழுகிறது. அது விழுந்ததுமே, வேறொரு கணினிக்குத் தானாக ஒரு தகவல் போகிறது. அந்தக் கணினி கோப்புகளை எடுத்து, ஹியூகோவை ஓட்டி, முழு அகப்பக்கத்தையும் புதிதாகத் தயாரிக்கிறது. சோதனைகள் நடக்கின்றன. எல்லாம் சரியென்றால் புதிய பதிப்பு பொதுமக்கள் பார்க்கும் இடத்துக்குப் போகிறது. சிறிய அகப்பக்கத்துக்கு இது ஓரிரு நிமிட வேலை.

இதில் கவனிக்க வேண்டியது கடைசிப் படி. பழைய முறையில் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சர்வருக்கு அனுப்புவார்கள். பாதியில் இணைப்பு அறுந்தால், பாதி புதுசு, பாதி பழசு. பக்கம் கோணல்மாணலாக நிற்கும். சரியான தானியங்கி முறை புதிய பதிப்பை முழுதாகத் தனி இடத்தில் அடுக்கி வைத்துவிட்டு, கடைசியில் வழிகாட்டிப் பலகையை மட்டும் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்புகிறது. திரும்பும் அந்த நொடி வரை மக்கள் பார்ப்பது பழைய, முழுமையான பக்கம். இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. பழைய பதிப்பு அழியாமல் இருப்பதால், தப்பாக ஏதாவது வெளியானால் பலகையைத் திருப்பி வைத்தால் போதும். இந்தத் "திருப்பி வை" பொத்தான் எங்கே இருக்கிறது என்பது செயலாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மழை இல்லாத ஒரு நாளில் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுவது நல்லது.

இருவர் ஒரே நேரத்தில் அழுத்தினால்? ஒருவர் "மூடப்பட்டது" என்று போடுகிறார். மூன்று நிமிடம் கழித்து இன்னொருவர் "ஒருவழியாகத் திறக்கப்பட்டது" என்கிறார். முதல் வேலை ஏதோ காரணத்தால் தாமதமாகி இரண்டாவதற்குப் பிறகு முடிந்தால், பழைய செய்தி புதிய செய்தியை மூடிவிடும். இதைத் தவிர்க்க, ஒரு நேரத்தில் ஒரே வேலைதான் நடக்க வேண்டும், புதியது வந்தால் பழையதைக் கைவிட வேண்டும் என்று அமைப்பில் சொல்லி வைக்கலாம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் அது ஓரிரு வரி வேலை.

காலை 6.10-க்குப் போட்ட அறிவிப்பு எங்கே போனது?

தானியங்கி வெளியீட்டில் மலேசியர்களைக் குறிப்பாகப் பிடிக்கும் பொறி இது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. பக்கங்களைத் தயாரிக்கும் கணினியோ, எங்கோ வெளிநாட்டில், பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் ஓடுகிறது.

பிரிஞ்சாங்கில் ஒருவர் காலை 6.10 என்று நேரம் போட்டு அறிவிப்பை வெளியிடுகிறார் என்று வையுங்கள். நேர வலயம் குறிப்பிடவில்லை. அந்தக் கணினியின் கடிகாரத்தில் அப்போது முந்தைய நாள் இரவு 10.10. அது 6.10 என்பதைத் தன் நேரமாகவே படிக்கிறது. அப்படியானால் இது இன்னும் எட்டு மணி நேரத்துக்குப் பிறகு வர வேண்டிய செய்தி! எதிர்காலத் தேதியுள்ள பதிவுகளை வெளியிடாமல் ஒதுக்குவது ஹியூகோவின் இயல்பான வழக்கம். எனவே அறிவிப்பை ஒதுக்கிவிட்டு, மீதி அகப்பக்கத்தைச் சரியாகத் தயாரித்து, பச்சை விளக்கு காட்டி முடித்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பக்கத்தைத் திறந்தால் அறிவிப்பு இராது. மதியம் 2.10-க்குப் பிறகு யாராவது வேறு எதையாவது வெளியிட்டால், அப்போது இதுவும் சேர்ந்து தோன்றும். பள்ளி விட்டே போயிருக்கும்.

தீர்வு சுலபம். தேதியோடு +08:00 என்பதும் சேர்ந்து பதியும்படி சிஎம்எஸ் படிவத்தை அமைக்கலாம். அல்லது ஹியூகோவின் அமைப்பில் நேர வலயத்தைக் கோலாலம்பூர் என்று வைக்கலாம். இரண்டையும் செய்தால் நிம்மதி.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. நிலையான பக்கத்துக்கு இன்று என்ன தேதி என்று தெரியாது. "நாளை காலை வரை சாலை மூடப்பட்டிருக்கும்" என்ற அறிவிப்பு, யாரும் மறுபடி தயாரிக்காத வரை, மூன்று வாரம் கழித்தும் முதல் பக்கத்தில் சிவப்பில் மின்னிக்கொண்டிருக்கும். ஹியூகோவில் காலாவதித் தேதி என்ற ஒரு புலம் உண்டு. அந்தத் தேதி கடந்த பதிவை அது எடுக்காது, ஆனால் அடுத்த முறை பக்கங்களைத் தயாரிக்கும்போதுதான். ஆகவே யாரும் எதுவும் எழுதாவிட்டாலும் மணிக்கு ஒருமுறையாவது அகப்பக்கம் தானாகத் தயாராகும்படி நேர அட்டவணை போட வேண்டும். சாலை அறிவிப்புக்குக் காலாவதித் தேதியைக் கட்டாயப் புலமாக்கிவிடுவது நல்லது. தேதி தெரியவில்லை என்றால், 12 மணி நேரம் என்று தானாக நிரம்பட்டும். நிலைமை நீடித்தால் நீட்டித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்திலும் "கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது" என்ற நேரமும் மலேசிய நேரத்தில் தெரிய வேண்டும். புலனத்தில் சுற்றும் செய்தியில் இல்லாதது அதுதான்.

கிட்ஹப்பின் நேர அட்டவணையை நம்பும்போது இரண்டு விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். பளு அதிகமான நேரங்களில், குறிப்பாக மணி தொடங்கும் நிமிடத்தில், அது தாமதமாகலாம், 7.00 என்று வைக்காமல் 7.13 என்று வைப்பது மேல். பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த மாற்றமும் இல்லையென்றால் அட்டவணை தானாகவே நிறுத்தப்படும். கோயில் திருவிழாவுக்கும் மழைக்கும் மட்டும் உயிர்பெறும் அகப்பக்கங்களுக்கு இது சரியாக இடிக்கும். மார்ச்சில் நின்றுபோன அட்டவணை நவம்பர் மழையில்தான் தெரியவரும்.

தமிழ்த் தலைப்பும் கோப்புப் பெயரும்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதைப் பார்க்க முடியாது. யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "ல்" என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ல-வும் புள்ளியும் என இரண்டு குறியீடுகள், 6 பைட். இணைய முகவரியில் குறியீட்டு வடிவமாக மாறும்போது ஒவ்வொரு குறியீடும் 9 இடம் பிடிக்கிறது.

"தாப்பா-ரிங்லெட்-சாலையில்-மண்சரிவு" என்ற சாதாரணத் தலைப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். 30 தமிழ்க் குறியீடுகள், 3 இடைக்கோடுகள். நேரடியாகச் சேமித்தால் 93 பைட், பிரச்சினை இல்லை. ஆனால் குறியீட்டு வடிவத்தில் அது 273. லினக்ஸ் சர்வர்களில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. எனவே முகவரியைக் குறியீட்டு வடிவிலேயே கோப்புப் பெயராக்கும் கருவியைப் பயன்படுத்தினால், நான்கு சொல் தலைப்பிலேயே வெளியீடு விழுந்துவிடும். வேர்ட்பிரஸ் இதே விஷயத்துக்கு 200 இடம்தான் தருகிறது. அதாவது 22 குறியீடுகள். தமிழ் வேர்ட்பிரஸ் முகவரிகள் சொல்லின் நடுவில் துண்டுபட்டு நிற்பது அதனால்தான்.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாதது. "பொ" என்பதில் உள்ள கொம்பும் காலும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படலாம்: ஒரே குறியீடாக, அல்லது எகரக் கொம்பு, கால் என்று இரண்டாக. திரையில் இரண்டும் ஒன்றே. சர்வருக்கு வேறு வேறு பெயர். கோப்பு ஒரு விதத்திலும் இணைப்பு இன்னொரு விதத்திலும் இருந்தால், ஒருவர் கணினியில் அருமையாகத் திறந்த "பொங்கல்" பக்கம் நேரலையில் 404 காட்டும். "கோ", "கௌ" வரிசைகளுக்கும் இதே கதை.

என் பரிந்துரை: தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். கோப்புப் பெயரையும் முகவரியையும் தேதி, வரிசை எண் கொண்டு சிஎம்எஸ் தானாக உருவாக்கட்டும். தமிழ் முகவரிதான் வேண்டும் என்றால், எல்லாப் பெயர்களையும் ஒரே யூனிகோட் வடிவத்துக்கு மாற்றும் சிறு நிரலைத் தயாரிப்புக்கு முன் ஓட விடுங்கள்.

எந்தப் பிழைக்கு நிறுத்துவது?

தானியங்கி வெளியீட்டை அமைப்பவர்கள் சோதனைகளை அடுக்கிக்கொண்டே போவார்கள். உடைந்த இணைப்பு உண்டா, படத்துக்கு விளக்கம் உண்டா, கோப்பு பெரிதா... எல்லாம் நல்லதுதான். ஆனால், ஐந்து ஆண்டுக்கு முந்தைய விளையாட்டுப் போட்டிப் படத் தொகுப்பில் ஓர் இணைப்பு உடைந்திருப்பதற்காக இன்றைய சாலை மூடல் அறிவிப்பு நின்றுபோனால், அந்தச் சோதனை யாருக்காக?

நிறுத்த வேண்டிய பிழைகள் கொஞ்சம்தான். அகப்பக்கமே தயாராகவில்லை, முதல் பக்கம் காலி, அறிவிப்பில் தேதி இல்லை, இப்போது வெளியிட்ட பதிவு தயாரான பக்கங்களில் காணோம். கடைசியில் சொன்ன சோதனை இருந்தால், 6.10 மணிச் சிக்கல் அன்றே பிடிபடும். மற்றவை எல்லாம் குறிப்பாகப் பதிவாகட்டும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசியில் எடுத்த 4 எம்பி படத்தை ஏற்றியவரைத் திட்ட வேண்டாம். தயாரிப்பின்போது இயந்திரமே அதைச் சுருக்கிவிடும். ஹியூகோவுக்கு அந்த வசதி உண்டு.

தோல்விச் செய்தி யாருக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அது அமைப்பை உருவாக்கியவரின் மின்னஞ்சலுக்கு மட்டும் போனால், அவர் வேலை மாறி, சங்கத்தை விட்டே போயிருக்கலாம். பொத்தானை அழுத்தியவருக்கே, அவருக்குப் புரியும் தமிழில், "உங்கள் அறிவிப்பு வெளியாகவில்லை. காரணம்: காலாவதித் தேதி இல்லை" என்று வர வேண்டும்.

யார் அழுத்தலாம், சாவி யாரிடம்?

பொத்தான் சுலபமானால் தவறாக அழுத்துவதும் சுலபம்தான். டீகேப் போன்ற அமைப்புகளில் வரைவு, சரிபார்ப்பு, வெளியீடு என்று மூன்று படி வைக்கலாம். ஆண்டறிக்கைக்கும் நன்கொடைக் கணக்குக்கும் இரண்டாவது ஆள் பார்த்த பிறகே வெளியாவது நல்லது. சாலை அறிவிப்புக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம். ஆனால் அதில் சுதந்திரமாக எழுதும் இடத்தைக் குறைத்துவிடலாம். எந்தச் சாலை என்பது ஒரு பட்டியல். நிலை என்பது மூன்றே தேர்வு: திறந்துள்ளது, ஒருவழி, மூடப்பட்டுள்ளது. தகவல் எங்கிருந்து கிடைத்தது என்பது கட்டாயம்: பொதுப்பணித் துறையா, காவல்துறையா, நேரில் பார்த்தவரா. அவசரத்தில் எழுதுபவருக்குக் காலிப் பெட்டியைவிடப் பட்டியல் உதவும்.

வெளியீட்டுக் கணினிக்குக் கொடுக்கும் இரகசியச் சாவியைக் களஞ்சியத்துக்குள் எழுதி வைக்கக் கூடாது. பொதுக் களஞ்சியம் என்றால் அதை யாரும் படிக்கலாம். அதற்கென்று உள்ள பாதுகாப்புப் பகுதியில் வைக்க வேண்டும். அந்தச் சாவியும் இந்த ஓர் அகப்பக்கத்தை மட்டும் திறக்க வேண்டும். கணக்குகளுக்கு இரண்டு கட்ட உறுதிப்பாடு கட்டாயம்.

கணக்கு யார் பெயரில்? சங்கத் தேர்தல் முடிந்து நிர்வாகம் மாறும்போது முத்திரையும் வங்கிப் புத்தகமும் கை மாறுகின்றன. அகப்பக்கத்தின் முகவரிப் பதிவு, களஞ்சியக் கணக்கு, மீட்புக் குறியீடுகள் ஆகியவையும் அந்த ஒப்படைப்புப் பட்டியலில் எழுத்துப்பூர்வமாக இருக்க வேண்டும். முகவரிப் பதிவு யாருடைய சொந்த மின்னஞ்சலிலாவது இருந்தால், புதுப்பிப்பு நினைவூட்டல் அவருக்குத்தான் போகும். அவர் பார்க்கவில்லை என்றால், மேலே சொன்ன ஏற்பாடுகள் அத்தனையும் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே முகவரி காலாவதியாகிவிடும்.